குடிகாடு முதல் சிதம்பரம் வரை: உறுப்பு தானத்துக்காக ஒரு நடைப்பயணம்

ஆகஸ்ட் கடைசி வாரம் பிறந்துவிட்டால் கடலூர்–சிதம்பரம் சாலையில் நடப்பவர்களின் வரிசை அறுவதில்லை. காவி உடுத்தி, கொடி பிடித்து, மாதா சொரூபம் வைத்த சிறு தேரை இழுத்துக்கொண்டு சென்னை, புதுச்சேரி பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் இரவும் பகலும் இந்த வழியே கடக்கிறார்கள். தை மாதம் வந்தால் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பூச ஜோதி காண வடலூருக்கு நடப்பவர்கள் உண்டு. வழியோர ஊர்க்காரர்கள் இவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்கிறார்கள், படுக்கத் திண்ணை விடுகிறார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக நடக்கிறீர்கள் என்று நின்று கேட்கவும் செய்கிறார்கள்.

அந்தக் கேள்விதான் உறுப்பு தான விழிப்புணர்வு நடையை அமைப்பவருக்கு வேண்டியது. மேடை போட்டுக் கூட்டம் சேர்த்தால் கேட்க வருகிறவர் ஏற்கெனவே பாதி சம்மதித்தவராக இருப்பார். நடந்து போகிறவரிடம் டீக்கடைக்காரர் பேசுவார், வயலில் களை எடுக்கிறவர் பேசுவார், சிப்காட் ஆலையில் இரவுப் பணி முடித்து சைக்கிளில் திரும்புகிறவர் பேசுவார்.

உப்பனாற்றை ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள குடிகாட்டில் தொடங்கி, சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் முடியும் இரண்டு நாள் நடையை எடுத்துக்காட்டாக வைத்து இந்த அத்தியாயம் செல்கிறது. தொலைவு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இதே முறையை ஐந்து கிலோமீட்டர் காலைநடைக்கும் சுருக்கிக்கொள்ளலாம்.

முதலில் குறிக்கோள்

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மாணவர் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் மகனின் உறுப்புகளைத் தர முன்வந்தார்கள். சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி, அவருடைய இதயத்தைச் சுமந்த வண்டி 11 நிமிடத்தில் முகப்பேர் மருத்துவமனையை அடைந்தது. அந்த இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்றுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது 'டிரான்ஸ்டான்' என்ற தனி ஆணையமாக வளர்ந்தது.

2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சில நாட்களிலேயே தேனி மாவட்டம் சின்னமனூரைச் சேர்ந்த வருவாய்த் துறை ஊழியர் ஒருவருக்கு முதன்முதலாக அந்த மரியாதை செய்யப்பட்டது. 2023இல் தமிழ்நாட்டில் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு கொடுத்தவர்கள் 178 பேர். 2024இல் அந்த எண்ணிக்கை 268 ஆனது. இந்தியாவில் இது முன்னணி நிலை. ஆனால் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

இந்த நிகழ்வுகள் எல்லாவற்றிலும் முடிவு எடுத்தது யார் என்று பார்க்கவேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, அழுத கண்ணோடு, சில மணி நேரத்துக்குள் முடிவு சொன்னது குடும்பம். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே சாட்சிகள் முன் எழுதிக்கொடுக்க இடம் தருகிறது. ஆனால் நடைமுறையில் குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் மருத்துவமனைகள் உறுப்பை எடுப்பதில்லை. உறுப்பு தான அட்டை பர்ஸில் இருந்து, விஷயம் வீட்டுக்குத் தெரியாமல் போனால் அந்த அட்டையால் பயன் மிகக் குறைவு.

ஆகவே நடையின் குறிக்கோளைக் குழு இப்படி எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்: நடப்பவர் ஒவ்வொருவரும் தம் விருப்பத்தை வீட்டில் சொல்லிவிடவேண்டும். எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை படிவம் நிரம்பியது என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வரும் கணக்கு. கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் அனைத்தும் இந்த ஒரு குறிக்கோளுக்குத் துணை நிற்கவேண்டியவை.

நாள் குறித்தல்

நான்கு சந்தர்ப்பங்கள் பொருத்தமானவை. ஆகஸ்ட் 3 தேசிய உறுப்பு தான தினம். 1994இல் அதே நாளில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் குழு இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தது. ஆகஸ்ட் 13 உலக உறுப்பு தான தினம். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண் தான இருவாரம். செப்டம்பர் 23 தமிழ்நாடு உறுப்பு தான தினம்.

பழைய துண்டறிக்கைகளில் நவம்பர் 27 என்று இருக்கும். 2023 முதல் தேசிய தினம் ஆகஸ்டுக்கு மாறிவிட்டது. நவம்பர் கடலூருக்கு எப்படியும் ஒத்துவராது. வடகிழக்குப் பருவமழையில் 2015இல் இந்த மாவட்டம் மூழ்கிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய நீண்ட நடை எதையும் வைக்காமல் இருப்பது நல்லது.

கண் தான இருவாரமும் வேளாங்கண்ணித் திருவிழாவும் ஒரே சமயத்தில் வருகின்றன. அந்த நாட்களில் சாலையில் காவல்துறையின் கவனிப்பும் தண்ணீர்ப் பந்தலும் ஏற்கெனவே இருக்கும். ஆனால் யாத்திரைக் கூட்டத்தில் நடையின் செய்தி கரைந்துபோகவும் கூடும். தனியாகத் தெரியவேண்டும் என்றால் செப்டம்பர் 23ஐ ஒட்டிய சனி, ஞாயிறு சிறந்தது. ஊர்களில் முன்கூட்டியே தெரிவிக்க ஆகஸ்ட் 15 கிராம சபையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

யார் நடப்பது

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றப்பட்ட ஒருவர் முன்வரிசையில் நடந்து வந்தால் பாதி சந்தேகம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். அமெரிக்காவின் கெல்லி பெர்கின்ஸுக்கு 1995இல் மாற்று இதயம் பொருத்தப்பட்டது. அந்த இதயத்தோடு 2001இல் கிளிமாஞ்சாரோவையும் 2003இல் மேட்டர்ஹார்னையும் ஏறினார். 2022இல் சிறுநீரகம் கொடுத்தவர்கள் 22 பேர் குழுவாகக் கிளிமாஞ்சாரோவுக்குக் கிளம்பி, உலகச் சிறுநீரக நாளான மார்ச் 10 அன்று உச்சியில் நிற்கும்படி பயணத்தை அமைத்துக்கொண்டார்கள். பெங்களூரைச் சேர்ந்த அனில் ஸ்ரீவத்சா 2014இல் தம் சகோதரருக்குச் சிறுநீரகம் கொடுத்தார். பிறகு காரில் நாடு நாடாகச் சென்று உறுப்பு தானம் பற்றிப் பேசினார். 2019இல் நியூகாசிலில் நடந்த உலக உறுப்பு மாற்று விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். கொடுத்தவர் முடங்கிப்போவதில்லை, பெற்றவர் படுக்கையில் கிடப்பதில்லை என்று சொல்ல இவர்களைவிட வேறு சான்று வேண்டாம்.

உறுப்பு பெற்றவர்களை அழைக்கும்போது சில கட்டாய விதிகள் உண்டு. அவர்கள் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகளைக் குறித்த நேரத்தில் வாழ்நாள் முழுக்க எடுக்கவேண்டியவர்கள். தொற்று எளிதில் பற்றும். எனவே சிகிச்சை தரும் மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதி, மாத்திரை நேரத்தை நினைவூட்ட ஒரு துணை, முகக்கவசம், தொப்பி, காய்ச்சி ஆறிய நீர், சூடாகச் சமைத்த உணவு ஆகியவை இல்லாமல் அவர்களை நடக்கவிடக் கூடாது. வழியில் அன்பாகக் கொடுக்கப்படும் மோரையும் வெட்டிவைத்த பழத்தையும் அவர்கள் மரியாதையாக மறுத்துவிடவேண்டும். முழுத் தொலைவும் அவர்கள் நடக்கவேண்டியதில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டர் போதும்.

உறுப்பு தந்த குடும்பத்தாரை அழைப்பதில் இன்னும் கவனம் வேண்டும். துக்கம் ஆறாதவரை மேடையேற்றிப் பேசச் சொல்லக் கூடாது. அவர்களாக வந்தால் முதல் மரியாதை அவர்களுக்கு. யாருடைய உறுப்பு யாருக்குப் போனது என்ற தகவலை மருத்துவமனைகள் வெளியிடுவதில்லை. நடைக்காக அதைத் துருவிக் கண்டுபிடிப்பதும் இரு தரப்பையும் மேடையில் கட்டிப்பிடிக்க வைப்பதும் தவறு. படம் எடுக்க, பெயர் போட, முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும்.

மற்றவர்களைப் பதிவு செய்யும்போது தனி ஆளாகச் சேர்க்காமல் வீட்டிலிருந்து இருவராகச் சேர்ப்பது இந்த நடையின் முக்கியமான ஏற்பாடு. கணவன்–மனைவி, தாய்–மகள், அண்ணன்–தம்பி என்று இருவர் சேர்ந்து வந்தால், சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டிய உறவினர் பக்கத்திலேயே நடந்து வருவார்.

வழியும் வேளையும்

இந்தப் பக்கம் மலை இல்லை, ஏற்றம் இல்லை. எதிரிகள் வெயிலும் லாரியும்தான். காலை ஐந்தரைக்குக் குடிகாட்டில் கிளம்பினால் பத்து மணிக்குள் ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் பக்கம் வந்துவிடலாம். அது ஏறக்குறைய பாதி வழி. வெயிலில் நடப்பதை அங்கே நிறுத்திவிட்டு, பிற்பகலை ஊருக்குள் பேசுவதற்கும் மாலையைக் கூட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். தங்குவதற்குப் பள்ளிக்கூடமோ திருமண மண்டபமோ கேட்டு வாங்கலாம். மறுநாள் அதிகாலையில் கிளம்பி, பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் வழியாகச் சிதம்பரம்.

கடலூர்–மயிலாடுதுறை ரயில் பாதை சாலையை ஒட்டியே செல்கிறது. ஆலப்பாக்கத்திலும் புதுச்சத்திரத்திலும் நிலையங்கள் உள்ளன. கால் வலித்தவரை வற்புறுத்தி நடக்க வைக்காமல் ரயிலிலோ பேருந்திலோ ஏற்றிவிட இது வசதி. நெடுஞ்சாலை நான்குவழியாக மாறியதில் பல இடங்களில் பாதை பிரிந்திருக்கிறது. அமைப்பாளர்கள் ஒரு வாரம் முன்பே முழு வழியையும் நடந்து பார்த்து, புறவழிச்சாலையைத் தவிர்த்து ஊருக்குள் போகும் பழைய சாலையைத் தேர்ந்துகொள்ளவேண்டும். பேச ஆள் கிடைப்பதும் அங்கேதான்.

முன்னும் பின்னும் ஒரு வண்டி, ஒளிரும் மேல்சட்டை அணிந்த தொண்டர்கள், இருவர் இருவராக வரிசை. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கம் நடப்பது பொது விதி. பெரிய குழுவாக இருந்தால் காவல்துறை சொல்லும் பக்கம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் நிறுத்தம், அங்கே உப்புச்சர்க்கரைக் கரைசல், நிழல், கழிப்பறை. கழிப்பறை ஏற்பாடு இல்லாத வழியில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள், மயக்கம் அதில்தான் வரும்.

சிப்காட் பகுதியைக் கடக்கும்போது லாரிப் போக்குவரத்து அதிகம். காலை ஷிப்ட் மாறும் நேரத்தை ஆலைகளிடம் கேட்டறிந்து, அதற்கு முன்பே அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். வாயிலில் சிறு கூட்டம் போட்டுத் தொழிலாளர்களிடம் பேச விரும்பினால் அதே நேரத்தை அதற்குப் பயன்படுத்தலாம். இரண்டில் எது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளவேண்டும்.

அனுமதியும் பணமும்

வழியில் உள்ள ஒவ்வொரு காவல் நிலைய எல்லைக்கும் விண்ணப்பம் தேவை. கடலூர், சிதம்பரம் காவல் துணைக் கண்காணிப்பாளர் அலுவலகங்களில் மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறைக்கும் நகல். 108 சேவைக்குத் தகவல். டிரான்ஸ்டானுக்கு எழுதினால் சரிபார்த்த துண்டறிக்கையும் பேச்சாளரும் கேட்கலாம். 1997இல் டாக்டர் சுனில் ஷ்ராஃப் சென்னையில் தொடங்கிய மோகன் அறக்கட்டளை இந்தத் துறையில் தொண்டர்களுக்குப் பயிற்சி தருகிறது. கண் தானத்துக்குத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும், உறுப்பு மாற்று பற்றிப் பேசப் புதுச்சேரி ஜிப்மரும் பக்கத்திலேயே இருக்கின்றன.

நிதி திரட்டினால் பதிவு பெற்ற அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரில், ரசீதோடு திரட்டவேண்டும். 80ஜி வரிவிலக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது என்பதை நன்கொடையாளரிடம் முன்பே சொல்லிவிடலாம். வெளிநாட்டு உறவினரிடம் வாங்குவதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் விதிகள் உண்டு. திரட்டிய பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதையும் அறிவித்துவிடவேண்டும். மாற்று அறுவை முடிந்த ஏழை நோயாளிகளின் மாத்திரைச் செலவு மிக உகந்த தேவை.

உறுப்பு தந்த குடும்பத்துக்கு அந்த மேடையில் பணமுடிப்புக் கொடுக்கக் கூடாது. நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உறுப்புக்கு விலை என்ற தோற்றம் வந்துவிடும். உறுப்பு வணிகத்துக்குச் சட்டம் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

வழியில் என்ன பேசுவது

தொண்டர்களுக்கு முந்தைய வாரம் இரண்டு மணி நேரப் பயிற்சி கட்டாயம். மக்கள் மூன்று தானங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது உறுப்பு தானம். இதயம், நுரையீரல்கள், கல்லீரல், சிறுநீரகங்கள், கணையம், சிறுகுடல். ஒருவரால் எட்டுப் பேர் வரை பிழைக்கலாம். இது பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரிடமிருந்தே முடியும். வீட்டில் இறந்தவரின் சிறுநீரகத்தை எடுக்க வழியில்லை. எடுத்த இதயத்தை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பொருத்திவிடவேண்டும் என்பதால்தான் சாலையையே நிறுத்தி வண்டியை விடுகிறார்கள்.

இரண்டாவது திசு தானம். கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு. கருவிழியை எந்த மரணத்துக்குப் பின்னும், வீட்டிலேயே, ஆறு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி எல்லோரும் தரலாம். வெறிநாய்க்கடி நோய், எச்ஐவி, கல்லீரல் அழற்சி வைரஸ், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் எடுப்பதில்லை. இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்திவைத்துவிட்டுக் கண் வங்கிக்குப் போன் செய்யவேண்டும். குழு வீட்டுக்கே வரும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முகம் சிதையாது.

மூன்றாவது உடல் தானம். மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் உடற்கூறு படிப்பதற்காகக் கொடுப்பது. 2021இல் அரசு ஏற்றுக்கொண்ட அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரியில் நடை முடிவதால் உடல் தானம் பற்றிய கேள்வி கட்டாயம் வரும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி மூளைச்சாவு. மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, எப்படிச் செத்தார் என்கிறீர்கள் என்று கேட்பார்கள். கோமாவில் இருப்பவரின் மூளை உயிரோடு இருக்கிறது, அவர் மீளக்கூடும். மூளைச்சாவில் மூளைத்தண்டு முழுமையாக நின்றுவிட்டது, மீள வழியில்லை, சுவாசம் இயந்திரத்தினுடையது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பிறகே அறிவிக்க முடியும். உறுப்பைப் பொருத்தும் மருத்துவர்களுக்கு அந்தக் குழுவில் இடம் கிடையாது. உறுப்புக்காகச் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்துக்கு இந்தக் கடைசித் தகவல்தான் பதில். அதைப் பொறுமையாகச் சொல்லவேண்டும்.

கண் தானக் கூட்டங்களில் கண்ணப்பர் கதை சொல்லாத பேச்சாளர் அரிது. பெரிய புராணம் அரங்கேறிய சிதம்பரத்தை நோக்கி நடக்கையில் அந்தக் கதை தானாக வாயில் வரும். சொல்லலாம். கூடவே, இங்கே யாரும் உயிரோடு கண்ணைக் கேட்கவில்லை, இறந்தபின் மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முதல்முறை கேட்கும் முதியவர்களுக்கு அந்தத் தெளிவு தேவைப்படுகிறது.

தவிர்க்கவேண்டிய ஒன்று உண்டு. தலைக்கவசப் பிரசாரத்தையும் உறுப்பு தானத்தையும் ஒரே பதாகையில் போடக் கூடாது. விபத்தில் மகனை இழந்த வீடுகள் இந்தச் சாலையோரம் நிறைய. அந்தப் பதாகை அவர்களைப் புண்படுத்தும்.

படிவத்துக்குப் பிறகு

பதினெட்டு வயது நிறைந்தவர் 7ஆம் எண் படிவத்தில் இரு சாட்சிகளுடன் உறுதிமொழி தரலாம். அவர்களில் ஒருவர் நெருங்கிய உறவினராக இருக்கவேண்டும். தேசிய அமைப்பான நோட்டோவின் இணையதளத்தில் ஆதார் எண் கொண்டும் பதியலாம். 1800 11 4770 என்ற கட்டணமில்லா எண்ணில் விளக்கம் கேட்கலாம். மனம் மாறினால் உறுதிமொழியைத் திரும்பப் பெறவும் முடியும் என்பதைக் கையெழுத்து வாங்கும் முன்பே தெரிவிக்கவேண்டும். நிறைவு விழாவின் உற்சாகத்தில் அவசரமாக வாங்கிய கையெழுத்தைவிட, படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசிவிட்டு ஒரு வாரம் கழித்துத் தந்த கையெழுத்து உறுதியானது. அதனால் சிதம்பரத்தில் படிவங்களை விநியோகித்தால் போதும். திரும்பப் பெறுவதற்குக் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒவ்வோர் இடத்தை அறிவித்துவிடலாம்.

ஒரு மாதம் கழித்து, பதிவுப் பட்டியலை எடுத்து, நடந்த ஒவ்வொருவருக்கும் தொண்டர்கள் போன் செய்து, வீட்டில் சொல்லிவிட்டீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கவேண்டும். மறுப்புச் சொன்ன வீடுகளின் காரணங்களைக் குறித்துவைத்தால் அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு அதுவே பாடம். நடை பயனளித்ததா என்பதை இந்தப் பட்டியலை வைத்தே குழு முடிவு செய்யவேண்டும்.

இந்த நடையை அமைக்க நினைக்கும் வாசகர்களே, காவல் நிலையத்துக்கு விண்ணப்பம் எழுதும் முன் உங்கள் வீட்டில் உட்கார்ந்து, உங்கள் விருப்பத்தைச் சொல்லி, வீட்டாரின் விருப்பத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு குடிகாட்டில் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்கும்.